வேஸ்திரி அலமாரியும் அத்தியட்சரின் கடிதங்களும்

புளியங்குடியில் கால்டுவெல் குடியிருந்ததில்லை. ஆனாலும் அவரைத் தேடிப் போகிறவர் இந்த ஊரிலிருந்து கிளம்புவதில் நியாயம் இருக்கிறது. எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன இந்த மலையடிவார ஊரின் அக்கம்பக்கத்தில்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், தலைவன்கோட்டை, சிவகிரி என்ற பழைய பாளையங்களும் கோட்டைகளும் இருந்தன. பூலித்தேவர் ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் கப்பம் கட்ட மறுத்து நின்ற சீமை இது. 1761-ல் கம்பெனித் தளபதி யூசுப் கான் அந்தக் கோட்டைகளைப் பிடித்த கதையையும் சேர்த்துத் திருநெல்வேலி ஜில்லாவின் சரித்திரத்தை ஒரே நூலாகக் கோத்தவர் ஒரு பாதிரியார். 1881-ல் சென்னை அரசு அச்சகம் அதை அச்சிட்டது. அந்தப் பாதிரியார்தான் ராபர்ட் கால்டுவெல். அப்போது அவர் அத்தியட்சர், இன்றைய பேச்சில் பேராயர்.

அந்த நூலைப் புரட்டினால் ஆள் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். ராபர்ட் ஓர்மின் பழைய போர்ச் சரித்திரம், கம்பெனி அதிகாரிகளின் கடிதங்கள், கல்வெட்டுகள், வாய்மொழி என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்திருக்கிறார். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது பற்றி மேஜர் பானர்மேன் 1799-ல் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறார். பிறருடைய பழைய தாள்களை இப்படித் தேடித் தேடிச் சேர்த்த மனிதரின் சொந்தத் தாள்கள் இன்று எங்கே இருக்கின்றன? அவர் மேய்த்த சபையின் தாள்கள் எங்கே? இந்தப் பயணம் அந்த இரண்டையும் தேடித்தான்.

புளியங்குடியிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில் அரை மணி நேரத் தொலைவு. மலை முதுகுப் பக்கம் போய்விட, எலுமிச்சைத் தோட்டங்கள் குறைந்து கரிசல் விரிகிறது. கோமதியம்மன் கோபுரத்தையும் விசைத்தறிச் சத்தத்தையும் கடந்து, திருநெல்வேலிப் பேருந்து தெற்கே திரும்புகிறது. பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் என்று ஊர்கள் வருகின்றன. இதில் பனவடலிப் பெயர் 19-ஆம் நூற்றாண்டு மிஷன் அறிக்கைகளில் அடிபடும் பெயர். சர்ச் மிஷனெரி சொசைட்டி, சுருக்கமாகச் சி.எம்.எஸ்., இதைத் தன் வட்டாரங்களில் ஒன்றாக எண்ணியது.

இதற்கும் வடக்கே சபை மெதுவாகத்தான் வேர் பிடித்தது. கேம்பிரிட்ஜில் பெல்லோவாக இருந்த தாமஸ் ராக்லண்ட், சென்னையில் சி.எம்.எஸ். செயலாளர் பதவியை விட்டுவிட்டு, 1854-ல் வட திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போனார். அவருக்குத் துணையாகத் தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறை வைத்து அனுப்பின. ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார், கல்லறையும் அங்கேதான். அவருடைய வாழ்க்கை வரலாறு சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் புத்தகமாக வந்துவிட்டது. கூடவே வெயிலில் நடந்த உபதேசியார்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு புத்தகம் வரவில்லை. மிஷன் ஆவணம் எதைத் தொட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு கண்ணில் படும்.

தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை. ஊசிக்கோபுரம் என்று ஊரார் சொல்லும் பரிசுத்த திரித்துவ ஆலயம், 1826-ல் சி.எம்.எஸ். மிஷனெரி ரேனியஸ் ஐயர் கட்டியது, இன்று பேராலயம். ஆனால் சபையின் கதை அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது. தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவர், ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து அவர் இறந்தபின் பாளையங்கோட்டையில் தங்கியவர், 1778-ல் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். அவர் முன்னின்று கட்டிய சிறு கோயில் 1785-ல் எழுந்தது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று அதை இன்றும் காட்டுகிறார்கள்.

அந்தக் கட்டடத்தைவிடப் பழையது ஒரு பதிவேடு. 1780-ல் தொடங்கிய அந்தச் சபைப் பதிவில் இருந்தவர்கள் 40 பேர். குளோரிந்தாவின் பெயர் அதில் உண்டு. இன்று லட்சக்கணக்கானோர் சேர்ந்த திருநெல்வேலித் திருச்சபையின் பிறப்புச் சான்று என்று அந்தத் தாளைச் சொல்லலாம். அதன் செய்தி பரவலாகத் தெரிய வந்ததில் கால்டுவெல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜில்லா சரித்திரம் வந்த அதே 1881-ல் திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால ஆவணங்களைப் பற்றி அவர் இன்னொரு நூல் வெளியிட்டார். ஷ்வார்ட்ஸின் கடிதங்கள், முதல் திருநெல்வேலிப் போதகர் சத்தியநாதனைப் பற்றிய குறிப்புகள், பழைய பதிவேடுகள் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. அத்தியட்சர் பட்டம் வாங்கி நாலு வருஷம் ஆன, அறுபத்தைந்தைத் தாண்டிய மனிதர், சபை விசாரணைப் பயணங்களுக்கு நடுவே இந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் செய்த காரியங்களில் திராவிட ஒப்பிலக்கணத்துக்கு அடுத்தபடியாக இதை வைக்க வேண்டும். சிலைகளும் தபால் தலையும் இலக்கணத்தை நினைவில் வைத்திருக்கின்றன. ஆவண நூலை நினைப்பவர் குறைவு.

அத்தியட்சர் பட்டத்துக்கே ஒரு கதை உண்டு. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் இரண்டு திருநெல்வேலி மிஷனெரிகள் ஒரே நாளில் அபிஷேகம் பெற்றார்கள். ஒருவர் கால்டுவெல், மற்றவர் எட்வர்ட் சார்ஜென்ட். ஒரு ஜில்லாவுக்கு ஏன் இரண்டு பேர்? கால்டுவெல் எஸ்.பி.ஜி. என்ற நற்செய்தி பரப்பும் சங்கத்தவர், சார்ஜென்ட் சி.எம்.எஸ். சங்கத்தவர். இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவைதாம். ஆனால் வழிபாட்டு நோக்கிலும் நிர்வாகத்திலும் தனித்தனிப் போக்கு. ஒன்றன் ஆளை மற்றதற்குத் தலைவராக வைக்க முடியாமல், சென்னை அத்தியட்சர் பிரெடெரிக் கெல்லுக்குத் துணையாக இருவரையும் நியமித்தார்கள். சார்ஜென்ட் பாளையங்கோட்டையிலேயே இருந்து பள்ளிகளையும் போதகர் பயிற்சியையும் வளர்த்து 1889-ல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்துக் கால்டுவெல்லும் போனார். திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் ஆனது 1896-ல்தான். முதல் அத்தியட்சர் சாமுவேல் மார்லி.

இந்த இரட்டைப் பிரிவு ஆவணங்களையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. சி.எம்.எஸ். தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எஸ்.பி.ஜி. தாள்கள் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில். ஆகவே சார்ஜென்ட் பாளையங்கோட்டையிலிருந்து எழுதிய கடிதத்தைப் படிக்க ஓர் ஊருக்கும், கால்டுவெல் தான் குடியிருந்த இடையன்குடியிலிருந்து எழுதியதைப் படிக்க இன்னோர் ஊருக்கும் கடல் கடந்து போக வேண்டும். ஜில்லா நிர்வாகத்தோடு மிஷனெரிகள் நடத்திய கடிதப் போக்குவரத்தைத் தேடுகிறவர்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள திருநெல்வேலி ஜில்லா பதிவேடுகளையும் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கடிதங்களைப் படிக்கிறவர் ஒன்றை மறக்கக்கூடாது. அவை யாருக்கு எழுதப்பட்டன என்பதுதான் அது. எஸ்.பி.ஜி. தன் மிஷனெரிகளிடம் காலந்தோறும் அறிக்கை கேட்டது. ஞானஸ்நானம் பெற்றவர் எத்தனை, பெறாமல் போதனையில் இருப்பவர் எத்தனை, திருவிருந்தில் பங்குபெறுவோர் எத்தனை, பள்ளியில் பையன்கள், பெண்பிள்ளைகள் எத்தனை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அறிக்கைகளில் நல்ல பகுதிகள் சங்கத்தின் பத்திரிகைகளில் அச்சாகும். அதைப் படித்து அங்குள்ளவர்கள் காணிக்கை போடுவார்கள். நன்கொடையாளர் மனத்தில் படவேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை அவை. பொய் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அந்த வாசகர்கள்தாம் பாதி தீர்மானித்தார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளலாம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் கூட்டம் கூட்டமாகச் சபையில் சேர்ந்தார்கள். அத்தியட்சரின் அறிக்கையில் அது ஒரு பெரிய எண். சேகரத்து (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த தொகுதியின்) ஆலய வேஸ்திரி அறை அலமாரியில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே செய்தி வேறு உருவத்தில் இருக்கும். தேதி, பெயர், பழைய பெயர் இருந்தால் அது, தகப்பன் தாய், ஊர், தொழில், ஞானப்பெற்றோர், கொடுத்த குருவானவரின் கையெழுத்து. கட்டம் நிரம்ப நிரம்ப ஒரு குடும்பம் தெரியும். பக்கம் நிரம்ப ஒரு தெரு தெரியும். அடக்கப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தால், அந்தத் தெருவில் யார் பஞ்சத்தையும் காலராவையும் தாண்டினார்கள், யார் தாண்டவில்லை என்பதும் தெரியும். இங்கிலாந்துக்குப் போன தாள் எண்ணிக்கை சொல்கிறது. ஊரிலேயே தங்கிய தாள் ஆளைச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்காதவரை அத்தியட்சரின் கதை பாதிக்கதைதான்.

பாளையங்கோட்டையிலிருந்து தெற்கே மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி வழியாகத் திசையன்விளைக்குப் போகும் பாதையில் மண்ணின் நிறம் மாறுகிறது. கரிசல் போய்ச் செம்மண். பிறகு காற்று குவித்த சிவப்பு மணல், தேரி. பனைகள் வானத்தோரம் வரை நிற்கின்றன. இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களே ஒரு பதிவேடுதான். 1799-ல் புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று முதலில் எழுந்த ஊர் முதலூர். பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பணத்தில் உண்டானது டோனாவூர். சாயர் என்ற வியாபாரி வாங்கிக் கொடுத்த நிலத்தில் வந்தது சாயர்புரம். மிஷனெரி ஜி.யு. போப் ஐயர் 1842-ல் பள்ளி நடத்த வந்தது அங்கேதான். நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆசீர்வாதபுரம் என்று பட்டியல் நீளும். துரத்தப்பட்டவர்களும் அடிபட்டவர்களும் ஒதுங்கி வாழ வாங்கிய நிலங்கள் இவற்றில் பல.

இடையன்குடி அப்படிப் புதிதாகப் பெயர் வைத்த ஊர் அல்ல. பழைய ஊர். அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் 1814-ல் பிறந்த கால்டுவெல், 1838 ஜனவரியில் லண்டன் மிஷனின் ஆளாகச் சென்னையில் இறங்கினார். கப்பலில் உடன் வந்தவர்களில் தெலுங்கு அகராதி செய்த சி.பி. பிரவுனும் ஒருவர். மூன்று ஆண்டு கழித்து இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்து, சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி வழியாகப் பெரும்பாலும் நடந்தே வந்து, 1841 கடைசியில் இந்த மணல்காட்டில் குடியேறினார். திசைதெரியாமல் கிடந்த குடிசைகளுக்கு நடுவே தெரு வகுத்தார், மரம் நட்டார், கிணறு வெட்டினார். இன்றும் இடையன்குடித் தெருக்கள் நேர்கோட்டில் ஓடுகின்றன.

ஊர் நடுவே பரிசுத்த திரித்துவ ஆலயம். 1847-ல் அஸ்திவாரம், 1880 ஜூலையில் பிரதிஷ்டை: 33 ஆண்டுகள். காசு வரும்போது கட்டுவார்கள், தீர்ந்தால் நிற்கும். கூரிய வளைவு கொண்ட கோதிக் ஜன்னல்களின் வேலைப்பாட்டை உள்ளூர்க் கொத்தர்கள் பார்த்ததில்லை. ஆகவே கால்டுவெல்லே களிமண்ணில் மாதிரி செய்து காட்ட, அதைப் பார்த்துக் கல்லில் செதுக்கினார்கள். அந்தக் கொத்தர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று கிடைத்தால், மொழி நூலைப் போலவே அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

ஐயர் வசித்த வீடு அரசு நினைவில்லமாக 2011 முதல் திறந்திருக்கிறது. ஓட்டு வீடு, தூண் வைத்த தாழ்வாரம். 1856-ல் லண்டனில் வெளியான திராவிட ஒப்பிலக்கணத்துக்கு வேண்டிய சொற்களை அவர் சேர்த்தது இந்த ஊரில் இருந்த ஆண்டுகளில்தான். எலிசா அம்மாளின் உழைப்பும் இங்கேதான் நடந்தது. நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மகளான எலிசா, பிறந்து வளர்ந்த மண்ணின் தமிழோடு 1844-ல் மணமுடித்து வந்தார்; வந்ததும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்; லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பனையேறும் வீட்டுப் பெண் தன் கையால் காசு பார்க்க அது வழி செய்தது. கணவரின் நினைவுக் குறிப்புகளை மருமகன் ஜே.எல். வயட் தொகுத்து 1894-ல் அச்சிட்டார். எலிசா அம்மாளின் ஐம்பது ஆண்டு வேலைக்கு அந்த அளவுக்கு ஒரு நூல் அன்று வரவில்லை. அவரைத் தேட வேண்டிய இடம் பள்ளிக் கணக்குகளும், அங்கே படித்த பெண்களின் திருமணப் பதிவுகளும்தான். மணமகள் கைநாட்டு வைத்திருக்கிறாரா, கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பார்த்தால் போதும். ஒரு பெண்பள்ளியின் பலன் கண்ணுக்குத் தெரியும்.

1891 ஆகஸ்டு 28 அன்று கொடைக்கானலில் இறந்த அத்தியட்சரின் உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து இதே ஆலயத்தில் பீடத்தின் கீழ் அடக்கம் செய்தார்கள். 1899-ல் எலிசா அம்மாளும் இங்கேயே அடக்கமானார்.

கல்லறையையும் நினைவில்லத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் ஒரு கசப்பான தாளைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். 1849-ல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களை (இன்றைய நாடார்களை)ப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். தன் சபையில் பெரும்பான்மையாக இருந்த மக்களின் சமயத்தையும் குணத்தையும் இங்கிலாந்து வாசகர்களுக்கு விளக்குவதாக எழுதியது. அதில் அந்த மக்களை அறிவிலும் பண்பிலும் தாழ்த்திப் பேசினார். இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் சொன்னார். ஊருக்குள் ஆங்கிலம் படித்த தலைமுறை தலையெடுத்ததும் அந்த நூல் திரும்பி வந்து கனன்றது.

பதில்கள் எழுந்தன. நாசரேத் மிஷனோடு முறித்துக்கொண்ட அருமைநாயகம் சட்டம்பிள்ளை, 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் ஆளுகையில்லாத தனிச் சபையையே தொடங்கினார். கால்டுவெல்லின் எழுத்தையும் விடாமல் எதிர்த்தார். சாமுவேல் சற்குணர் எழுதிய மறுப்பு நூல், கால்டுவெல்லின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி 1883-ல் பாளையங்கோட்டையில் அச்சானது. ஞானமுத்து நாடார் அரசாங்கத்துக்கும் இங்கிலாந்துத் திருச்சபைத் தலைமைக்கும் மனுமேல் மனுவாக அனுப்பினார். கடைசியில் அந்த நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. அத்தியட்சரின் மொழிப்பணியைக் கொண்டாடும் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுவது சரியல்ல. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளியில் படித்தவர்களே, தங்களைப் பற்றி எழுதப்பட்டதை எழுத்தாலேயே எதிர்த்தார்கள். அந்த மனுக்களும் மறுப்புகளும் கால்டுவெல் ஆவணத்தின் ஒரு பகுதி. நினைவில்லத்தில் அவருடைய நூல்களுக்குப் பக்கத்தில் இவற்றுக்கும் இடம் வேண்டும்.

அந்தத் தலைமுறையின் நிமிர்வு அங்கேயே நின்றுவிடவில்லை. இடையன்குடியிலிருந்து அதிகத் தூரமில்லாத வெள்ளாளன்விளையில் 1874-ல், போதகர் தாமஸ் வேதநாயகத்தின் மகனாகப் பிறந்தார் வி.எஸ். அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1910 எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்தியரைச் சமமான நண்பராக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1912 டிசம்பர் 29 அன்று, கால்டுவெல்லும் சார்ஜென்டும் மண்டியிட்ட அதே கல்கத்தா பேராலயத்தில், டோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற பழைய பிரிவுகளும் ஒரே குடையின் கீழ் வந்தன. தாள்கள் மட்டும் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

அவற்றில் அதிக ஆபத்தில் இருப்பவை எவை என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆக்ஸ்போர்டிலும் பர்மிங்காமிலும் உள்ளவை குளிரூட்டிய அறையில், எண் போட்ட பெட்டியில் பத்திரமாக இருக்கும். தேரிக்காட்டுச் சேகரங்களின் பதிவேடுகள் கடற்காற்றிலும் கரையானிலும் நாள் கடத்துகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய இரும்பு கலந்த மை, காலப்போக்கில் எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை அரித்துவிடும். புரட்டப் புரட்ட உதிரும். வயதுச் சான்று கேட்டு வருகிறவர்களுக்காக ஒரு காலத்தில் அடிக்கடி திறந்த அலமாரிகள் அவை. பிறப்புப் பதிவு பொதுவழக்கான பின் திறக்க ஆள் வருவதும் குறைந்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் நூலகம் 2004-ல் தொடங்கிய அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்க் கிராமங்களில் வீடுகளில் கிடந்த வழக்குப் பத்திரங்களையும் ஓலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தது. மூலம் சொந்தக்காரரிடமே இருந்தது. படம் மட்டும் எல்லோருக்கும் பொதுவானது. சேகரப் பதிவேடுகளுக்கும் இதே முறை பொருந்தும். அசனப் பண்டிகை என்ற சபை விருந்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கிற ஊர்கள் இவை. நூறு ஆண்டு தாண்டிய பதிவேடுகளை ஒரு நல்ல கேமராவின் முன் விரித்து வைக்கும் செலவு அவர்களுக்குப் பெரிதல்ல. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று ஏடுகளில் தொடங்கி, சபை மன்றக் கணக்கு, பள்ளி வருகைப் பதிவு வரை போகலாம். பழைய கையெழுத்தையும் அந்தக் காலத்துச் சுருக்கக் குறிகளையும் தயக்கமின்றிப் படிக்கக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உபதேசியார்களும் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். வேலையை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் காலத்திலேயே தொடங்க வேண்டும்.